மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?

கம்பம் பள்ளத்தாக்கில் சர்க்கரை நோயாளி ஒருவர் தம்முடைய சர்க்கரைக்காகவே மருத்துவரைத் தேடி வருவது, நோயின் தொடக்கக் கட்டத்தில் மிக அரிது. அடிக்கடி தாகம் எடுப்பதை வெயிலின் மீதும், உடற்சோர்வைத் தோட்ட வேலையின் மீதும், இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிப்பதை வயதின் மீதும் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் அதே மனிதர், சீப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக முடி வரத் தொடங்கிவிட்டால் அந்த மாதத்துக்குள்ளேயே வந்து நிற்பார். உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு, கூடலூர் முதல் தேனி வரையுள்ள ஊர்களின் மக்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்த்துவரும் இக்கட்டுரையாளரிடம், முடியைக் காட்ட வந்த இடத்தில் சர்க்கரை நோய் தெரியவந்தவர்கள் பலர். சர்க்கரைதான் முடியைத் தின்கிறது என்று உறுதியாக நம்பி வந்து, காரணம் வேறு என்று தெரிந்து திரும்பியவர்கள் அவர்களினும் பலர். இந்த இரு சாராரையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டதே அந்த முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி உழைப்பு.

இரண்டு நம்பிக்கைகள் இந்த வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன. "சுகர் வந்துட்டா முடி தங்காது" என்பது ஒன்று. "முடியைக் கொட்ட வைக்கிறதே சுகர் மாத்திரைதான்" என்பது மற்றொன்று. முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதில் உண்மை மிகக் குறைவு, ஆபத்து மிக அதிகம். ஏனெனில் அதை நம்பியவர்கள் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

தேனி தனி மாவட்டமாக ஆகாமல் மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியாக இருந்த 1990களின் தொடக்கத்தில், சிறிய மருத்துவமனைகளில் சர்க்கரை பார்ப்பதென்றால் பெரும்பாலும் சிறுநீரில் பார்ப்பதுதான். நீல நிறமுள்ள பெனடிக்ட் கரைசலை 5 மில்லி அளவு சோதனைக்குழாயில் எடுத்து, அதில் 8 சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாயைச் சாய்த்துப் பிடித்துக் கொதிக்க வைப்பார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, இறுதியில் செங்கல் நிறத்தில் வண்டல் படிந்தால் சர்க்கரை மிக அதிகம். எதிரில் அமர்ந்திருக்கும் நோயாளியும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நிறம் மாறும்போது அவருடைய முகமும் மாறும். ஆயினும் அந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் கசியவிடும் என்பதால், அதற்குக் கீழே ஆண்டுக்கணக்கில் நடமாடிக்கொண்டிருந்த நோய் குழாயில் நீலமாகவே தெரிந்தது.

அந்தக் குறைக்கு விலை கொடுத்தவர்களில் போடியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரும் அடங்குவார். முடி கொட்டுகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்று வந்த அவருடைய சிறுநீர் நீலமாக இருந்ததால், இரும்புச்சத்து மருந்தும் வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுக்கப்பட்டு அனுப்பப்பட்டார். இரண்டாண்டு கழித்துப் பிறப்புறுப்பில் தீராத அரிப்புடன் அவர் மீண்டும் வந்தபோது ரத்தச் சர்க்கரை 280 இருந்தது. முதல் முறை முடி கொட்டியதற்குச் சர்க்கரைதான் காரணமா என்பதை இனி எவராலும் உறுதி செய்ய முடியாது. ஆனால் ரத்தத்தைச் சோதிக்க ஒரு வாய்ப்புத் தானாக நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்ததும், அது தவறவிடப்பட்டதும் உறுதி. முடி என்று வந்தவர்களுக்கும் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் வழக்கம் இக்கட்டுரையாளரின் மருத்துவமனையில் அந்த ஆசிரியைக்குப் பின்னரே தொடங்கியது. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்று அளவின் எல்லையை 140இலிருந்து 126ஆகக் குறைத்தபோது, அதுவரை "பார்டர்லைன்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நோயாளிகளின் வரிசைக்குள் வந்தனர்.

முடியைப் பற்றிய முதல் பாடம் மருத்துவக் கல்லூரியிலிருந்து கிடைக்கவில்லை. சின்னமனூரில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்த ஒரு பெரியவரிடமிருந்து கிடைத்தது. முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும், அச்சமூகத்தில் பேறுகாலம் பார்த்த பெண்களுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அந்தப் பெயருக்குப் பொருத்தமான கண் அவரிடம் இருந்தது. தலையில் வட்டமாக முடி உதிர்ந்த சிறுவர்களைக் கண்டால் தந்தையிடம் சொல்லி அனுப்பிவைப்பார். ஒருமுறை நேரில் வந்து, "புழுவெட்டுன்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்றாங்கய்யா, பொடி உதிர்ந்தா அது படை, வழுவழுன்னு இருந்தா அது வேற" என்று அவர் விளக்கியது, பாடநூலின் ஒரு அத்தியாயத்துக்குச் சமமானது. செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து, அரிப்புள்ள வட்டம் பூஞ்சைத் தொற்று. அது பிற குழந்தைகளுக்குப் பரவும், மாத்திரையால் தீரும். செதிலே இல்லாமல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுப்பாக, ஓரங்களில் மேற்புறம் பருத்தும் அடிப்புறம் மெலிந்தும் இருக்கும் குட்டை முடிகளோடு காணப்படும் வட்டம், எந்தப் புழுவும் எந்தப் பூச்சியும் வெட்டியதன்று. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், தன் உடலின் முடிவேரையே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குவதால் அது உண்டாகிறது.

அதே வகையான தவறு கணையத்தில் நடந்து, இன்சுலினைச் சுரக்கும் அணுக்கள் அழிக்கப்பட்டால் வருவதுதான் குழந்தைகளிடம் பெரிதும் காணப்படும் முதல் வகை நீரிழிவு. தைராய்டு சுரப்பியில் நடந்தால் தைராய்டு குறைபாடும், தோலின் நிறமியில் நடந்தால் வெண்புள்ளியும் வரும். ஆகவே இவை ஒன்றையொன்று உண்டாக்குவதில்லை; ஒரே குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளைப் போல, ஓர் உடலிலோ ஒரு வீட்டிலோ அடுத்தடுத்துத் தோன்றும் வாய்ப்புச் சற்று அதிகம், அவ்வளவே. வழுவழுப்பான வட்டத்தோடு வந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருப்பர். அவர்களுள் பின்னர் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவள், இக்கட்டுரையாளரின் நினைவில், காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி மட்டுமே. ஆறாம் வகுப்புப் படித்த அவள் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கியதையும் மெலிந்துகொண்டே போனதையும் கேட்டறிந்து உடனே சோதித்ததால், ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கி விழும் நிலைக்கு முன்பே இன்சுலின் தொடங்க முடிந்தது. அவளுடைய தலை வட்டத்தைப் பார்த்ததால் நோய் தெரிந்துவிடவில்லை; வட்டத்தைக் காட்ட வந்தபோது மற்றவற்றையும் கேட்டதால் தெரிந்தது. இத்தகைய வட்டங்களின் மேல் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பதும், காரமான களிம்புகளைப் பூசித் தோலைப் புண்ணாக்குவதும் இங்கு நெடுநாள் வழக்கம். சிறிய வட்டங்களில் பல, எதுவும் செய்யாமலேயே ஓராண்டுக்குள் முளைத்துவிடும் என்பதால், புகழ் கடைசியாகப் பூசிய பொருளுக்குப் போய்ச் சேர்கிறது.

சர்க்கரைக்கும் முடிக்கும் உள்ள நேரடியான தொடர்பு, வட்டமாக உதிர்வதில் இல்லை. தலை முழுவதும் பரவலாகக் கொட்டுவதில்தான் அதிகம் தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ள, கூடலூரைச் சேர்ந்த ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளியின் கதை உதவும். விடிவதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, மலைப்பாதை வழியே கேரளத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சென்று இருட்டும் நேரத்தில் திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். அவர் ஒரு பாலித்தீன் பையை மேசையின் மேல் வைத்து அவிழ்த்தபோது, பத்து நாள் சேர்த்துவைத்த முடி ஒரு கைப்பந்து அளவுக்கு இருந்தது. "ஆஸ்பத்திரியில ஊசி போட்டதுல இருந்துதான்யா இப்படிக் கொட்டுது, அந்த ஊசி எனக்கு வேண்டாம்" என்றார். அவர் சொன்னது இன்சுலினை.

பையிலிருந்து நான்கைந்து முடிகளை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றின் முனையிலும் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று மக்கள் அஞ்சுவது அந்தக் குமிழைப் பார்த்துத்தான். ஆனால் உண்மையான வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது; அந்தக் குமிழ், வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் கிடந்து, பின்னர் உதிர்ந்து, அதே குழியில் புது முடிக்கு இடம் விடுகிறது. ஒரு நேரத்தில் பத்தில் ஒன்பது முடி வளர்ந்துகொண்டே இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. உடலுக்குப் பெரிய அடி ஒன்று விழும்போது, அது கடுங்காய்ச்சலாகவோ பிரசவமாகவோ அறுவைச் சிகிச்சையாகவோ கட்டுக்கு அடங்காத சர்க்கரையாகவோ பட்டினியாகவோ இருக்கலாம், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமானவை ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை அனைத்தும் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரே சமயத்தில் கொட்டுகின்றன.

அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது? பிடரியில் ராஜபிளவை வந்ததாகச் சொன்னார். பல வாய் திறந்து சீழ் வடியும் பெரிய கட்டியாகிய ராஜபிளவை, கவனிக்கப்படாத சர்க்கரை நோயாளிகளுக்கு முதுகிலும் பிடரியிலும் வருவது பழைய தலைமுறையும் அறிந்தது. காய்ச்சலும் நடுக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, கட்டி கீறப்பட்டு, சர்க்கரை 400க்கு மேல் இருந்ததால் இன்சுலின் தொடங்கப்பட்டு, அவர் வீடு திரும்பி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. உயிரைக் காத்த ஊசியும் முடி கொட்டுவதும் அடுத்தடுத்து நடந்ததால், முன்னதைப் பின்னதன் காரணமாக அவர் எடுத்துக்கொண்டார். இன்சுலினை நிறுத்தவில்லை, ஆறு மாதத்தில் முடி திரும்பிவிட்டது. கட்டி இருந்த இடத்தில் மட்டும், தழும்பு முடிக்குழிகளையே அழித்துவிட்டதால், இரண்டு விரல் அகலத்துக்கு இன்றும் முடி இல்லை.

இந்த மூன்று மாதக் கணக்கு, இப்பள்ளத்தாக்கில் இப்போது எல்லாரும் "மூணு மாச டெஸ்ட்" என்று அழைக்கும் எச்பிஏ1சி சோதனையோடு ஒத்துப்போவது கருதத்தக்கது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ, அதற்கேற்ப அதன் சிவப்புப் பொருளில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இன்று எடுத்த சோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்தைப் பேசுகிறது. இன்று கொட்டும் முடியும் கடந்த இரண்டு மூன்று மாதத்தையே பேசுகிறது. மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தைய நாள் சோற்றைக் குறைத்து, ஒரு நாள் சர்க்கரையை அழகாகக் காட்டுபவர்கள் இங்கு ஏராளம். அவர்களுடைய எச்பிஏ1சி 10ஐத் தாண்டியிருக்கும்போது, அந்த எண்ணுக்கு அருகில் கொட்டிய முடியின் காலக்கணக்கையும் வைத்துக் காட்டினால், மூன்று மாதமாக உடல் பட்ட பாடு அவர்களுக்கு விளங்குகிறது.

தலையைப் பற்றி இவ்வளவு பேசும் மக்கள், காலில் முடி இல்லாமற் போவதை ஒருபோதும் சொல்வதில்லை, அதுவே ஆபத்தானது. சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், மகளின் திருமணம் நெருங்கும் வேளையில் உச்சி வழுக்கைக்கு மருந்து கேட்டு வந்தார். பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுவதும் நிற்கும் அவர், சில மாதங்களாகத் தோட்டத்தின் மேட்டுப் பகுதிக்கு ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து இழுப்பதாகவும், நின்றால் சரியாகிவிடுவதாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றச் சொல்லிப் பார்த்தபோது, இரு முழந்தாள்களுக்குக் கீழும் ஒரு முடிகூட இல்லை. தோல் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கால்விரல் நகங்கள் தடித்து மஞ்சளாகியிருந்தன. வலது பாதத்தைப் புறங்கையால் தொட்டபோது, மதிய வெயிலிலும் குளிர்ந்திருந்தது. பாதத்தின் மேற்புறத்தில் துடிக்கவேண்டிய நாடி விரலுக்குப் படவில்லை.

தமனிகளில் கொழுப்புப் படிந்து ரத்த ஓட்டம் குறைந்தால், உடல் முதலில் கைவிடுபவற்றுள் காலின் முடியும் ஒன்று. சர்க்கரையோடு புகைப்பழக்கமும் சேர்ந்திருந்த அவருக்கு, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் விகிதம் 0.6 இருந்தது, 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்று கொள்ளவேண்டும். மதுரைக்கு அனுப்பப்பட்டு, அடைப்பு நீக்கப்பட்டதால் அவருடைய கால் தப்பியது. உச்சி வழுக்கைக்கும் சர்க்கரைக்கும் அவரிடம் எந்தத் தொடர்பும் இல்லை. அது தந்தை வழி, தாய் வழிச் சொத்து. தலையில் கேட்கப்பட்ட கேள்விக்குக் காலில் விடை கிடைத்தது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை: வயதான ஆண்கள் பலருக்குக் கெண்டைக்காலில் முடி தானாகவே குறையும், இறுக்கமான காலுறையும் தேய்க்கும், ஆகவே முடி இல்லை என்பதை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவு கட்டக்கூடாது. நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறிக் கடினமாகிவிட்டால் அந்த விகிதமும் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், விரலின் சாட்சியைக் கருவியின் சாட்சிக்காக ஒதுக்கிவிட முடியாது.

2000க்குப் பின் புதிதாக வரத் தொடங்கிய கூட்டம் இளம்பெண்களுடையது. கல்லூரியில் படிக்கும் மகளின் வகிடு அகன்றுகொண்டே போகிறது, வரன் பார்க்கும் நேரம் என்று தாய்மார்கள் அழைத்து வருவார்கள். அந்தப் பெண்களில் கணிசமானோருக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். முகவாயில் முடி இருக்கும். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருக்கும். அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணி, எலுமிச்சையும் கல்லுப்பும் பீர்க்கங்கூடும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்தையே புண்ணாக்கிக்கொண்ட பெண்களை இக்கட்டுரையாளர் பலமுறை பார்த்திருக்கிறார். அது அழுக்கே அன்று. உடல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது; மிகுந்துபோன அந்த இன்சுலின் தோலைத் தடிக்கச் செய்வதோடு, சினைப்பையைத் தூண்டி ஆண்மை இயக்குநீரையும் கூட்டுகிறது. ஆண்மை இயக்குநீர் கூடினால் முகத்தில் முடி வளரும், உச்சியில் முடி மெலியும். சர்க்கரை இன்னும் ஏறாத, ஆனால் ஏறப்போகிற உடலின் அறிவிப்பு அது. இங்கு முடிக்கு எண்ணெய் எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட, எடையைக் குறைக்கும் நடையும் உணவும், தேவைப்பட்டால் மாத்திரையும் எழுதி, ஆண்டுக்கொருமுறை சர்க்கரையைப் பார்க்கச் சொல்வதே அந்தப் பெண்ணின் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குச் செய்யும் உதவி. ஆண்களிடமும் முப்பது வயதுக்கு முன்பே உச்சி வழுக்கை விழுபவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் வாய்ப்புச் சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அது ஒரு சேர்க்கை மட்டுமே, தீர்ப்பு அன்று.

மாத்திரையின் மேல் போடப்படும் பழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மெட்ஃபார்மின் நேரடியாக முடியைக் கொட்ட வைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அதைப் பல ஆண்டு உட்கொள்பவர்களுக்கு உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவால் வரும் கால் எரிச்சலைச் சர்க்கரையால் வரும் நரம்புச் சேதமாகவே எண்ணி விட்டுவிடும் பிழை எளிதில் நேர்கிறது. மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலை மாத்திரையைத் தவிர்ப்பதற்கு முடி மட்டும் காரணமன்று என்பதும் நெடுநாள் கழித்தே தெரியவந்தது. மெட்ஃபார்மின் சிலருக்குத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் அந்தத் தொல்லையைச் சொல்லக் கூசி, "மாத்திரை சாப்பிட்டா முடி கொட்டுது" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இதை அறிந்த பின், மெதுவாகக் கரையும் வகையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தபோது, முடிப் புகாரும் நின்றது, மாத்திரையும் தொடர்ந்தது.

சர்க்கரையின் பெயரில் மறைந்திருக்கும் வேறு காரணங்களும் உண்டு. சோகை இந்த வட்டாரப் பெண்களிடம் பரவலாக உள்ளது; தைராய்டு குறைபாடும் அடிக்கடி காணப்படுகிறது; இரண்டும் முடியை மெலியச் செய்யும். இரும்புச்சத்துக் குறைவால் எச்பிஏ1சி உண்மைக்கு மேல் உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், சோகையுள்ள பெண்ணின் ஓர் எண்ணை மட்டும் நம்பிச் சர்க்கரை நோயாளி என்று முத்திரை குத்துவதும் தவறு. முடிக்காக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் உயர் அளவு பயோட்டின் மாத்திரை, தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான ரத்தச் சோதனைகளைத் தவறாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஆனாலும் சோதனைக்கு வருபவரிடம் பயோட்டின் உண்கிறீர்களா என்று கேட்கும் ஆய்வகங்கள் மிகச் சிலவே. அண்மையில் பேச்சாக இருக்கும் எடைக்குறைப்பு ஊசியாகிய செமாகுளுடைடின் ஆய்வுகளில், அதை எடுத்த பெரியவர்களில் 100க்கு 3 பேரும், மருந்தில்லா ஊசி எடுத்தவர்களில் 100க்கு ஒருவரும் முடி உதிர்வைச் சொன்னார்கள். எடை வேகமாகக் குறைவதும் உடலுக்கு ஓர் அடி என்பதால், அங்கும் அதே மூன்று மாதக் கணக்கே பெரிதும் பேசுகிறது.

அந்தக் கணக்கை ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் காட்டியது கொரோனா. 2021 கோடையின் இரண்டாம் அலையில், மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து பல உயிர்களைக் காத்தது; அதே மருந்து, மறைந்திருந்த சர்க்கரையைப் பலரிடம் வெளியே கொண்டுவந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்தவர்களில் கணவன், மனைவி, மாமியார் என்று குடும்பமாக முடி கொட்டியவர்கள் இருந்தனர். தடுப்பூசியால் கொட்டுகிறது என்றார்கள் சிலர்; கபசுரக் குடிநீரால் என்றார்கள் சிலர். காய்ச்சல் வந்த நாளைக் காலண்டரில் தொட்டு, அங்கிருந்து விரல் விட்டு எண்ணிக் காட்டியபோதுதான் அமைதியானார்கள். பெரும்பாலோருக்கு முடி அடுத்த பொங்கலுக்குள் திரும்பிவிட்டது. அப்போது கண்டறியப்பட்ட சர்க்கரை பலருக்குத் திரும்பிப் போகவில்லை.

இந்த ஆண்டுகளில் மாறியவை பல. ஒருகாலத்தில் கால் அழுகினால் மதுரைக்கே போகவேண்டியிருந்த பள்ளத்தாக்குக்கு, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணித்தது. இவற்றோடு, முடி வளர்க்கும் நிலையங்களும் தேனி வரை வந்துவிட்டன. நோயாளியின் ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் சிகிச்சையும், பின்தலை முடியை எடுத்து முன்தலையில் நடும் சிகிச்சையும் தவணை முறையில் விற்கப்படுகின்றன. அவற்றுள் பயன் தருபவை உண்டு. ஆனால் வெளியூர் நிலையம் ஒன்றில் சர்க்கரை பார்க்காமலேயே முடி நடப்பட்டு, நட்ட இடமெல்லாம் சீழ் பிடித்து வந்த இளைஞர் ஒருவருக்கு, அன்று வெறும் வயிற்றில் சர்க்கரை 260 இருந்தது. கடன் வாங்கிக் கட்டிய பணம் தழும்பாக மிஞ்சியது.

முப்பதாண்டுகளின் முடிவில் இக்கட்டுரையாளர் எட்டியுள்ள தீர்ப்பு எளிது. முடி உதிர்வு நீரிழிவின் அடையாளம் என்று கொள்ள முடியாது. ஆனால் நீரிழிவைத் தேடிப் பார்ப்பதற்கு அது போதுமான காரணம். முடி கொட்டுகிறது என்று வருந்தும் வாசகர், எண்ணெயை மாற்றுவதற்கு முன் மூன்று மாதத்துக்கு முன் தமக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது வயதைக் கடந்திருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் எச்பிஏ1சியையும், ரத்தச் சிவப்புப் பொருளின் அளவையும், தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோயாளியாக இருப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையையோ ஊசியையோ தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்த நினைத்ததன் காரணத்தை, கூச்சமாக இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இன்றிரவு படுக்கப் போகும் முன், தலையைக் கண்ணாடியில் பார்த்த பின்பு, வேட்டியையோ சேலையையோ சற்று உயர்த்தி இரண்டு கால்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலையில் போன முடி பெரும்பாலும் திரும்பி வரும். போன கால் வராது.